போனில் முழு சிக்னல், ஆனால் எதுவும் திறக்கவில்லை

மூன்று நோடு (வீட்டில் அங்கங்கே வைத்து ஒரே வைஃபையைப் பரப்பும் சிறு பெட்டிகள், அதில் ஒன்றுதான் மெயின் ரூட்டர்) உள்ள மெஷ் வைஃபை மாட்டிய முதல் வாரமே கடைசி அறையில் வீடியோ கால் விட்டு விட்டு வந்தது. போனில் சிக்னல் கோடு முழுதாகத் தெரிகிறது, ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகிறது. இணைய இணைப்புதான் மோசம் என்று நினைத்தேன், ஆனால் லேப்டாப்பை மெயின் ரூட்டரில் கேபிள் போட்டுப் பார்த்தால் வேகம் சரியாகவே இருந்தது. எதையும் மாற்றும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், நான் இரண்டு நாள் கழித்துத்தான் செய்தேன்.

போன் காட்டும் கோடு, போனுக்கும் பக்கத்தில் உள்ள நோடுக்கும் நடுவில் இருக்கும் சிக்னல் மட்டுமே. அந்த நோடு மெயின் ரூட்டரோடு எப்படிப் பேசுகிறது என்பது அதில் தெரியாது. சிக்னல் வராத அறை என்பதால் அந்த அறைக்குள்ளேயே நோடை வைத்திருந்தேன், அங்கே போனுக்கே எட்டாத சிக்னல் நோடுக்கு மட்டும் எப்படி எட்டும்? செயலியில் பேக்ஹால் அளவை, அதாவது நோடுக்கும் மெயினுக்கும் நடுவில் உள்ள சிக்னலைத் தேடிப் பார்த்தபோது மைனஸ் 81 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்ஜியத்துக்கு நெருங்க நெருங்க நல்லது). மைனஸ் 65 பக்கம் இருந்தால்தான் நிம்மதி. நோடை அறைக்கு வெளியே, ஏறக்குறைய பாதி தூரத்துக்குக் கொண்டுவந்தேன், மைனஸ் 62 ஆனது. அறையில் போன் இப்போது ஒரு கோடு குறைவாகக் காட்டுகிறது, கால் ஒருமுறைகூட அறுந்ததில்லை.

மூன்றாவது நோடு மெயினோடு சேராமல் இரண்டாவதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும்போது ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் பாதியாகக் குறையும். அதையும் இடம் மாற்றி நேராக மெயினோடு சேர்த்தேன்.

இதெல்லாம் சரியான பிறகும் நேரம் காலம் இல்லாமல் ஒரு நிமிடம்போல எல்லாமே அறுந்து திரும்ப வரும். இதுதான் என்னை ரொம்பப் படுத்தியது. கடைசியில் ரூட்டரின் பதிவேட்டில் 'ரேடார்' என்று ஒரு வரி கண்ணில் பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடாருக்குத்தான் முன்னுரிமை, அந்த அலை தென்பட்டால் ரூட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும், அதே வரிசையில் வேறு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 விநாடி காதுகொடுத்துக் கேட்ட பிறகே பேசத் தொடங்கும். சேனலைத் தானியங்கியிலிருந்து எடுத்து 36-இல் நிறுத்தினேன், அதோடு நின்றது.

பழைய பிரிண்டர் ஒன்று மட்டும் சேர மறுத்தது, 802.11ஆர் என்ற வேக ரோமிங் வசதியை (கருவி ஒரு நோடிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென மாற உதவுவது) அணைத்ததும் சேர்ந்துகொண்டது. உங்களிடமும் பழைய கருவி அடம் பிடித்தால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள்.