புது ஸ்டாக் ஏஜென்சிகளுக்குப் படம் கொடுக்கலாமா?
வணக்கமுங்க. ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். மஞ்சள் ஏலம், பவானி ஜமக்காளத் தறி, காங்கேயம் காளை என்று நான் எடுத்த படங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. அவற்றை ஸ்டாக் ஏஜென்சிகளில், அதாவது நம் புகைப்படங்களை விற்றுப் பங்கு தரும் இணையத் தளங்களில், போடுகிறேன். அடோபி ஸ்டாக்கில் விற்ற காசில் நமக்கு 33 சதவீதம். ஷட்டர்ஸ்டாக்கில் அந்த வருடம் எத்தனை படம் விற்கிறதோ அதற்கேற்ப, படிப்படியாக 15 முதல் 40 வரை. ஆனால் ஜனவரி 1 வந்தால் மறுபடி முதல் படிதான்.

இப்போது இரண்டு புது ஏஜென்சிகள் பாதிப் பங்கு தருவதாக அழைக்கிறார்கள். வாங்க ஆளில்லாத சந்தையில் பாதி என்ன, முழுசு என்ன? முன்பு இப்படி ஒரு புதுத் தளத்தில் 400 படம் ஏற்றினேன், ஒவ்வொன்றுக்கும் முப்பது குறிச்சொல் தட்டினேன். பணம் எடுக்கும் அளவை எட்டும் முன்பே கடையைச் சாத்திவிட்டார்கள்.

அப்புறம் மாடல் ரிலீஸ், அதாவது படத்தில் இருப்பவர் அதை விற்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போடும் படிவம். தறிக்கார ஐயாவிடம் கையெழுத்து கேட்டால், “எதுக்குங்க தம்பி, பத்திரமா?” என்கிறார்.

புதுத் தளங்களில் நிஜமாகவே காசு பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? ஏஐ பயிற்சிக்குப் படம் தர மறுக்க வழி உண்டா? விலகும்போது படங்களை நீக்க விட்டார்களா? சொல்லுங்க.