மேடை நடனப் படம் மங்கல்: ஃபோகஸ் தப்பா, ஷட்டர் தப்பா?

புதுலென்ஸ்:
மண்டபத்துக்குள் பரதநாட்டிய அரங்கேற்றம். கேனான் 1500டி, 50 எம்.எம். லென்ஸ். ஏவி மோடில் (அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தை, நாம் வைத்தால் ஷட்டரைக் கேமரா முடிவுசெய்யும்) எஃப்/1.8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 800 வைத்தேன். ஷட்டர் வேகம் 1/60 நொடி என்று கேமராவே எடுத்துக்கொண்டது. பாதிப் படங்களில் ஆள் மங்கல், முகமும் வெளுத்துப்போகிறது. எதை மாற்றணும்?

ஒளிநிழல்:
முதலில் படத்தை 100% பெரிதாக்கிப் பாருங்கள். விரல்கள் இழுபட்டு, தரை கூர்மையாக இருந்தால் ஷட்டர் போதவில்லை. எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. பின்திரை கூர்மை, முகம் மட்டும் மங்கல் என்றால்தான் ஃபோகஸ் தப்பு.

முகம் வெளுப்பதற்கும் அந்த 1/60-க்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பின்னால் இருக்கும் கறுப்புத் திரை. ஃப்ரேம் முழுவதன் வெளிச்சத்தையும் அளக்கும் எவாலுவேட்டிவ் மீட்டரிங் அந்தக் கறுப்பையும் கணக்கில் சேர்த்து, வெளிச்சம் பற்றவில்லை என்று ஷட்டரை மெதுவாக்கிவிடும். கேமரா கணக்கிடும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -1 வையுங்கள். முகமும் அடங்கும், ஷட்டரும் 1/125 ஆகும். கூடவே ஐஎஸ்ஓ 1600 வைத்தால் 1/250. நின்று செய்யும் அபிநயத்துக்கு 1/125 போதும். வேகமான ஜதிக்கு 1/250-க்குக் கீழே இறங்காதீர்கள்.

மூன்றாம்விழி:
அப்பர்ச்சரையும் கவனிக்கணும். 3 மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 25 செ.மீ.தான். கையை முன்னால் நீட்டினால் கையோ முகமோ ஒன்றுதான் கிடைக்கும். எஃப்/2.5 வைத்தால் துவாரம் சிறிதாகி 34 செ.மீ. வரும். அதில் குறையும் ஒரு ஸ்டாப் (ஏறத்தாழ பாதி) வெளிச்சத்தை ஐஎஸ்ஓ 3200 ஈடுகட்டும். இரைச்சல் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) கூடும்தான், ஆனால் அதைப் பிறகு குறைக்கலாம். இழுபட்ட முகத்தை மீட்க வழியில்லை.

ஒன் ஷாட் ஃபோகஸ் மோடில் பட்டனைப் பாதி அழுத்தியதும் தூரம் பூட்டிக்கொள்ளும். ஆடுபவர் ஓரடி முன்னால் வந்தாலே போச்சு. ஆள் நகர நகர ஃபோகஸும் தொடரும் ஏஐ சர்வோவுக்கு மாறுங்கள். 9 ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் கிராஸ் வகை (நெடுக்குக் கோடு, குறுக்குக் கோடு இரண்டையும் பிடிப்பது), மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகப் பிடிக்கும். அதை முகத்திலேயே வைத்துச் சற்று அகலமாக எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். சர்வோவில் ஃப்ரேமை நகர்த்தினால் ஃபோகஸ் திரைக்கு ஓடிவிடும்.

புதுலென்ஸ்:
1/250 வைத்துப் பார்த்தேன், ஆள் கூர்மை. ஆனால் சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை விழுகிறதே?

ஒளிநிழல்:
அது விளக்கின் மினுக்கம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை விழாது. அசையாமல் நிற்கும் இடங்களில் 1/100 வையுங்கள். ஜதியில் 1/250-ஐ விடாமல், அடுத்தடுத்து நாலைந்து எடுத்து நல்லதைப் பொறுக்குங்கள்.