தூசிப் புயலிலும் ஊரைவிட்டுப் போகாதவள்: ஒரு சந்தேகம்

பட்டர்வொர்த் வாசகி:
பினாங்கு சவுராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கில நாவல் வாங்கினேன். முன்பக்கங்கள் கிழிந்திருந்ததால் பெயர் தெரியவில்லை. கதை நடப்பது 1930களில், அமெரிக்காவின் ஒக்லஹோமாவில். வேலை தேடிக் கலிபோர்னியா போன கணவனிடமிருந்து கடிதமே இல்லை. மூன்று வயது மகள் நெஞ்சில் தூசி அடைத்துச் செத்துப்போகிறாள். அந்தத் தாய் மட்டும் தன் கோதுமை நிலத்தைவிட்டு நகரவில்லை.

சாப்பாட்டு மேசையில் தட்டுகளைக் கவிழ்த்தே வைக்கிறாள். பரிமாறும்போதுதான் நிமிர்த்துவாள். தட்டு இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் வட்டமாகத் தெரியும். மகள் போன பிறகும் அந்தச் சின்னத் தட்டைக் கவிழ்த்து வைக்கிறாள். ஃபெரியில் படித்துக்கொண்டிருந்தேன், அதற்குமேல் முடியாமல் மூடிவிட்டேன்.

எல்லாம் போன பிறகும் ஒருத்தி அங்கேயே இருப்பாளா? எனக்கு இது மனதை அறுக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ வாத்தியார்:
இருந்தார்கள், சகோதரி. போனவர்களைவிட இருந்தவர்கள்தான் அதிகம். 1862இல் வந்த சட்டப்படி, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். காணி நிலம் இல்லாதவனுக்கு அது எவ்வளவு பெரிது! முதல் உலகப் போரில் கோதுமை விலை ஏறியதும் புல்வெளியை எல்லாம் உழுதுவிட்டார்கள். மண்ணைப் பிடித்திருந்த புல்வேர் போயிற்று. அப்புறம் மழை பொய்த்தது, மண் பறந்தது. 1935 ஏப்ரல் 14 பட்டப்பகலிலேயே இருட்டிவிட்டது. ‘கறுப்பு ஞாயிறு’ என்பார்கள். ஜன்னலில் ஈரத்துணி கட்டிக்கொண்டு உள்ளே கிடந்தார்கள்.

லயத்துக்காரன், நிபோங் திபால்:
மகளே, அதே காலத்தில் இங்கே மலாயாவில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் கார் விற்பனை படுத்ததும் நம் ரப்பர் விலையும் படுத்தது. தோட்டங்களில் ஆள் குறைத்து, ஆயிரக்கணக்கான பேரைப் பினாங்கில் கப்பலேற்றி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். என் தாத்தா மூட்டை கட்டிவிட்டார். பாட்டி வரமாட்டேன் என்று லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். முதல் பிள்ளை அம்மை கண்டு இறந்து, பால்மரக் காட்டோரம் புதைத்திருந்தார்கள். குழி அடையாளத்துக்கு, ரப்பர் பால் பிடிக்கும் மங்கு என்கிற கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தாள். “புள்ளைய இங்க விட்டுட்டு நான் எப்படிக் கப்பல் ஏறுறது?” இதைத்தான் கடைசிவரை சொன்னாள். அரைச் சம்பளத்துக்குப் பால் வெட்டி அங்கேயே இருந்தார்கள். என் அப்பா பிறந்தது அதற்குப் பிறகு.

உங்கள் கதையில் அந்தப் பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று பாருங்கள்.

பட்டர்வொர்த் வாசகி:
ஐயா, நேற்று ராத்திரியே எடுத்துப் படித்தேன். வீட்டுக்குப் பின்னால், காற்றாலை பக்கத்தில். ஒவ்வொரு புயலுக்கும் குழி மண்ணில் மூடிப்போகிறது. விடிந்ததும் துடைப்பத்தோடு போகிறாள்.

பாட்டி வைத்த மங்கு இன்னும் அங்கே இருக்கிறதா ஐயா?

லயத்துக்காரன், நிபோங் திபால்:
இல்லை மகளே. இப்போது அங்கே செம்பனைத் தோட்டம். அப்பா இருந்தவரை தீபாவளிக்கு முதல் நாள் போய், இடத்தைக் காட்டுவார்.