பொருள்: சால்டர் விட்டுப்போவதற்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

அனைவருக்கும் வணக்கம்.

பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், ஒரே ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். மின்சுற்றுப் பலகையில் ஒரு உறுப்பின் கால் பற்றவைக்கும் ஈயத்தோடு, அதாவது சால்டரோடு, ஒட்டியதுபோலத் தெரியும், உண்மையில் ஒட்டியிருக்காது. பெட்டியை லேசாக அழுத்தினால் படம் வரும், கையை எடுத்தால் போய்விடும். வேலை தெரிந்தவர்கள் ‘டிரை சால்டர்’ என்கிறார்கள். எனக்கு முன் இதைத் தொடங்கியவர் ‘குளிர் மூட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறார். படித்துப் பார்த்த இருவருமே மூட்டுவலி என்று எடுத்துக்கொண்டார்கள். ‘உலர் பற்றவைப்பு’ என்று மாற்றினேன். ஈரமாக இருக்க வேண்டியது காய்ந்துவிட்டது என்று பொருள்படுகிறது. உதவுங்கள்.

* * *

> ‘உலர் பற்றவைப்பு’ என்று மாற்றினேன்.

அம்மா, அது வேண்டாம். சால்டருக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: பற்றாசு. யாப்பு படித்தவர்களுக்கு ஆசிடை நேரிசை வெண்பா நினைவிருக்கும். முதற்குறட்பாவின் இறுதிக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை விட்டிசைத்தால், அதாவது தொடராமல் அறுந்து நின்றால், ஓரசையோ ஈரசையோ இட்டு அதை ஒட்டவைப்பார்கள். அந்த அசைக்கு ஆசு என்று பெயர். உலோகத் துண்டுகளைப் பற்றாசு வைத்து ஒட்டுவதுபோல என்பதே உரைகாரர் விளக்கம். கொல்லன் பட்டறையிலிருந்து யாப்புக்குப் போன சொல்லை நாம் மின்பலகைக்கு அழைத்துவருகிறோம், அவ்வளவுதான்.

ஒட்டாத பற்றாசு ‘பற்றாப்பற்று’. செல்லாக்காசு போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வல்லெழுத்தும் முறைப்படி மிகுந்திருக்கிறது.

* * *

> ஒட்டாத பற்றாசு ‘பற்றாப்பற்று’.

ஐயா, எழுதும்போது அழகாக இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பேச்சில் ‘ற்ற’ எல்லாம் ‘த்த’ ஆகிவிடும். ‘பத்தாப்பத்து’ என்றால் என் வகுப்பில் பிள்ளைகள் போதாத பத்து என்றுதான் கேட்பார்கள், எந்தப் பத்து என்றும் கேட்பார்கள். சொல்லைக் காதில் போட்டுப் பார்க்காமல் ஆக்கக் கூடாது என்பது பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுப்பவளின் வேண்டுகோள். ‘போலிப் பற்று’ எளிமையாக இல்லையா? பார்த்தால் பற்று, உண்மையில் இல்லை.

* * *

> ‘போலிப் பற்று’ எளிமையாக இல்லையா?

இலக்கணத்தில் போலி என்பது பொய்யானது அல்ல. ஐந்துக்கு அஞ்சு, அறத்துக்கு அறன். எழுத்து மாறினாலும் பொருள் மாறாமல் நிற்பதே போலி. அந்தக் கணக்கில் போலிப் பற்று என்றால் பற்றுக்குப் பதிலாக வந்து அதே வேலையைச் செய்வது. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. பொய்க்கால் போலப் ‘பொய்ப்பற்று’ என்று வைத்தாலாவது தேறும்.

* * *

எல்லாருக்கும் வணக்கம். நான் சால்டரை உருக்கும் சால்டரிங் அயனைப் பிடிப்பவன், இலக்கணம் படித்ததில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வழக்கில் எல்லாரும் இதையும் ‘லூஸ் கான்டாக்ட்’ என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கையேட்டில் எழுதிவிடாதீர்கள், அது வேறொரு பழுதின் பெயர்.

1985இல் வந்த நின்டெண்டோ பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கு நொடிக்கு ஒரு தடவை அணைந்து எரியும், படம் வந்து வந்து போகும். பார்ப்பவர்கள் பலகை போய்விட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் பலகை நன்றாகவே இருக்கும். கேசட் செருகும் இடத்தில் 72 முனைகள் இருக்கின்றன. அவை தளர்ந்தோ அழுக்கேறியோ போனால், பெட்டிக்குள் இருக்கும் பூட்டுச் சிப்பும் கேசட்டில் இருக்கும் சிப்பும் பேசிக்கொள்ள முடியாது. உடனே பூட்டுச் சிப் பெட்டியைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கவைக்கும். இதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுக் கேசட்டின் முனைகளைத் துடைக்க வேண்டும், தேவைப்பட்டால் அந்த 72 முனை இணைப்பியை மாற்ற வேண்டும். வாயால் ஊதக் கூடாது, மூச்சின் ஈரம் முனைகளை அரிக்கும். ஊதியபின் வேலை செய்ததே என்பார்கள். கழற்றித் திரும்பச் செருகியதால் வேலை செய்தது.

இங்கே அயனுக்கு வேலையே இல்லை. இரண்டு பழுதுக்கும் ஒரே பெயர் வைத்தால், படிக்கிற பையன் நல்ல பலகையைச் சூடாக்கித் தாமிரத் தடத்தைப் பெயர்த்துவிடுவான். அப்படிப் பெயர்ந்து வந்த பலகைகள் என் மேசையில் கிடக்கின்றன.

இன்னொன்று. டிரை சால்டர் என்று சொல்வதிலேயே இரண்டு உண்டு. முதலாவது, செய்யும்போதே ஒட்டாதது. வெள்ளீயம் 63, காரீயம் 37 கலந்த ஈயம் 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயம் உருகிவிட்டது, கீழே இருக்கும் தாமிரம் அந்தச் சூட்டுக்கு வரவில்லை என்றால் ஈயம் பரவாமல் உருண்டையாக, மங்கலாக நிற்கும். இரண்டாவது, நன்றாக ஒட்டிப் பல வருஷம் உழைத்துப் பிறகு வெடித்தது. சேகா மெகா டிரைவ் என்ற கேம் பெட்டியில் மின்கம்பி செருகும் பவர் ஜாக்கைப் பாருங்கள். ஒயரை இழுத்து இழுத்துக் காலைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு வளையம் விழுந்திருக்கும். பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. பழைய பெட்டிகளில் இந்த இரண்டாவதுதான் அதிகம்.

நாங்கள் வாயால் சொல்வது ‘சால்டர் விட்டுப்போச்சு’.

* * *

> நாங்கள் வாயால் சொல்வது ‘சால்டர் விட்டுப்போச்சு’.

தம்பி, சொல் உங்கள் வாயிலேயே இருக்கிறது! ‘விட்டு’ என்கிறீர்கள், யாப்பில் விட்டிசைத்தல் என்கிறோம். ஓசை விட்ட இடத்தில் ஆசு இடுகிறோம், மின்சாரம் விட்ட இடத்தில் பற்றாசு இடுகிறீர்கள். இரண்டும் ஒரே நினைப்பு. வந்து வந்து போகும் பழுதுக்கு ‘விட்டிசைப் பழுது’ என்றே பெயர் வைக்கலாம்.

இன்னும் கேளுங்கள். ஆசு என்றால் குற்றம் என்றும் பொருள். ஆசற்ற என்றால் குற்றமற்ற. ஒட்டுவதும் ஆசு, ஒட்டில் நேரும் குறையும் ஆசு. எவ்வளவு தூய தங்கத்தில் செய்தாலும் நகையின் ஒட்டுவாயில் பொடி, அதாவது மாற்றுக் குறைவான பற்றாசுதான் இருக்கும். ஒட்டும் பொருளே கலப்பாக இருப்பதால்தான் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தன என்பது என் துணிபு. ‘பொடிவைத்துப் பேசுதல்’ என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். பற்று, பசை இரண்டும் ஒரு வேர்தான் என்பதையும்...

* * *

> பற்று, பசை இரண்டும் ஒரு வேர்தான்

இதை ஏற்க முடியாது. பசை ஈரத்தின் பக்கம், பசுமையின் பக்கம் நிற்கும் சொல். தனி இழையாகப் பேசுவோம், இங்கே வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

தட்டார் பற்றவைக்கும்போது வெங்காரம் இடுவார்களே, அதே வேலையைத்தானே பலகையில் ஈயம் நன்றாகப் படியத் தடவும் ஃபிளக்ஸ் செய்கிறது? கையேட்டில் அதற்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? ‘இளக்கி’ என்று இருந்தால் மாற்ற வேண்டாம்.

* * *

நான் வேறு திசையில் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கையும் செய்யுளுக்குள்ளேயே அனுமதித்த மரபு நம்முடையது. சால்டர் இன்று திசைச்சொல். பழுது பார்க்கிறவனுக்குத் தெரிந்த ஒரே சொல்லும் அதுதான். கடைக்குப் போய்ப் பற்றாசு கேட்டால் எதை எடுத்துத் தருவார்கள்? ‘சால்டர் விட்டது’ என்று அச்சிடுங்கள். தமிழ் வினை அதில் இருக்கிறது. அது போதும்.

* * *

> சால்டர் விட்டது

எல்லாரும் இப்படியே சொன்னதால்தான் ‘பேருந்து’ வரும்வரை நமக்குப் பஸ் மட்டும் இருந்தது. முதல் நாள் யாருக்கும் தெரியாத சொல்தான் அதுவும். முதல் அத்தியாயத்தில் ஒருமுறை ‘பற்றாசு, அதாவது சால்டர்’ என்று எழுதினால் நாற்பதாம் பக்கத்தில் வாசகர் தடுமாற மாட்டார்.

* * *

‘பற்றுவிடல்’ என்று பெயராக்கலாமா என்று யோசித்தேன். உடனே குறளின் துறவு அதிகாரம் வந்து குறுக்கே நிற்கிறது. அங்கே பற்று விடற்குத்தான் பற்றச் சொல்கிறார். வள்ளுவர் வீடுபேற்றுக்கு வழியாக வைத்ததை நாம் பழுதுப் பட்டியலில் போடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘பற்றாசு விடல்’ என்று முழுச்சொல்லாக இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

* * *

அனைவருக்கும் நன்றி. நாளை கோப்பை அனுப்ப வேண்டும், ஆகவே எண்ணிப் பார்த்தேன். ‘பற்றாசு விடல்’ நான்கு பேர், ‘சால்டர் விட்டது’ இருவர், ‘பற்றாப்பற்று’ ஒருவர். பட்டியலில் ‘பற்றாசு விடல்’ என்று போடுகிறேன். விளக்கத்தில் ‘சால்டர் விட்டிருந்தால், காலையும் தடத்தையும் சேர்த்துச் சூடாக்கி, இளக்கி தடவி, புதுப் பற்றாசு வையுங்கள்’ என்று வருகிறது. லூஸ் கான்டாக்ட் முனைப் பழுதுக்கு மட்டும், ‘தொடுமுனைத் தளர்வு’ என்ற பெயரில்.

* * *

> ‘பற்றாசு விடல்’ நான்கு பேர்

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள் அம்மா. விட வேண்டுமானால் முதலில் பற்றியிருக்க வேண்டும். அந்தத் தம்பி சொன்ன முதல் வகை ஒருநாளும் பற்றவே இல்லை. வெடித்ததற்கு ‘பற்றாசு விடல்’ பொருந்தும், பற்றாததற்குப் பற்றாப்பற்றுதான். இரண்டாம் பதிப்பிலாவது பிரியுங்கள்.

* * *

ஐயா சொல்வது வேலையிலும் சரிதான். வெடித்தது என்றால் மறுபடி ஈயம் வைத்தால் மட்டும் போதாது, ஜாக் ஆடாமல் இருக்கவும் வழி செய்ய வேண்டும், இல்லையென்றால் திரும்ப விடும். பற்றாதது என்றால் ஒரு தடவை ஒழுங்காக வைத்தால் தீர்ந்தது.

அக்கா, ஒன்பதாம் அத்தியாயத்தில் ‘மின்தேக்கிக் கசிவு’ என்று பார்த்தேன். கேம் கியர் என்ற சேகாவின் கையடக்கப் பெட்டியில், மின்தேக்கிக்குள் இருக்கும் திரவம் வெளியே வந்து பலகையை அரித்து ஒலி குறைவதையும் கசிவு என்கிறீர்கள், நல்ல மின்தேக்கியிலும் கொஞ்சம் மின்னோட்டம் கடந்துபோவதையும் கசிவு என்கிறீர்கள். இரண்டும் வேறு. இதற்கு யாராவது சொல் தருவீர்களா?