மெம்பிஸ் சனிக்கிழமை ரெஸ்லிங், 1993: இதற்கு எப்படி ரிவ்யூ எழுதுவது?

மூணாவதுகயிறு:

வணக்கம் நண்பர்களே. பழைய ரெஸ்லிங் நிகழ்ச்சிகளுக்கு ரிவ்யூ எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை எழுதியதெல்லாம் பெரிய கம்பெனிகளின் நிகழ்ச்சிகள். இந்த முறை வட்டார ரெஸ்லிங் பக்கம் போகலாம் என்று தேடியதில் யுஎஸ்டபிள்யூஏ என்ற வட்டார ரெஸ்லிங் கம்பெனியின் 1993 சனிக்கிழமை நிகழ்ச்சிகள் யூடியூபில் கிடைத்தன. அமெரிக்காவின் டென்னசி மாநிலம், மெம்பிஸ் நகரம், சேனல் 5. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்.

பார்த்தால் எதுவும் பிடிபடவில்லை. மேட்ச் என்று வருவதெல்லாம் இரண்டு மூன்று நிமிடம். பெயர் தெரிந்தவன் அடிக்கிறான், பெயர் தெரியாதவன் வாங்கிக்கொண்டு போகிறான். மிச்ச நேரம் முழுக்கப் பேச்சு. டிவி ஸ்டுடியோவுக்குள் ஒரு ரிங், ஓரமாக ஒரு மேஜை, படிக்கட்டு வரிசையில் கொஞ்சம் ஜனம், அவ்வளவுதான். வழக்கம்போல் ஒவ்வொரு மேட்சுக்கும் நட்சத்திரம் போட்டுப் பார்த்தேன். அரை நட்சத்திரத்தைத் தாண்டி ஒன்றும் தேறவில்லை. கீழே கமெண்டில் மட்டும் ஆளாளுக்கு ‘இதுபோல ஒரு நிகழ்ச்சி வராது’ என்று உருகுகிறார்கள்.

இன்னொரு குழப்பம். ஜெர்ரி லாலர் என்றால் நமக்குக் கிரீடம் வைத்துக்கொண்டு எல்லோரையும் நக்கலடிக்கும் வில்லன். இங்கே அவருக்கு வயதான பெண்மணிகள்கூடக் கை தட்டுகிறார்கள். எதிரே டபிள்யூடபிள்யூஎஃப் என்ற பெரிய கம்பெனியின் முதலாளி வின்ஸ் மெக்மஹான் வந்து வில்லத்தனமாகப் பேசுகிறார். 1993இலேயேவா? இதை எந்தக் கணக்கில் வைத்து எழுதுவது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழையகேசட்:

தம்பி, முதலில் அந்த நட்சத்திரத்தை ஓரமாக வையுங்கள். நீங்கள் பார்ப்பது ரெஸ்லிங் நிகழ்ச்சியே இல்லை, டிக்கெட் விற்கும் நிகழ்ச்சி. சனிக்கிழமை காலை 11 மணிக்கு நேரலையாகத் தொடங்கி 12:30க்கு முடியும். திங்கட்கிழமை ராத்திரி மிட்-சவுத் கொலிசியம் அரங்கில் உண்மையான மேட்ச். டிவியில் வருகிற ஒவ்வொரு நிமிடமும் அந்தத் திங்கட்கிழமைக்காகத்தான். நல்ல மேட்சைச் சனிக்கிழமை இலவசமாகக் காட்டிவிட்டால் திங்கட்கிழமை எவன் காசு கொடுத்து வருவான்? அதனால்தான் அந்த இரண்டு நிமிட அடி. ‘இவன் எவ்வளவு ஆபத்தானவன் பார்த்தாயா’ என்று ஊருக்குக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

ஆகவே ரிவ்யூவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. 12:30க்கு டிவியை அணைக்கும்போது திங்கட்கிழமை போயே ஆக வேண்டும் என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் நல்ல வாரம். இல்லையென்றால் ரிங்கில் எத்தனை குட்டிக்கரணம் போட்டிருந்தாலும் தோல்விதான். இந்தக் கணக்கில் பார்த்தால் 1993இல் மட்டமான வாரங்களும் நிறைய உண்டு. கமெண்டில் உருகுகிறவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். அந்தக் காலத்தில் கொலிசியத்துக்கு வரும் கூட்டமே நன்றாகச் சுருங்கிப் போயிருந்தது. எழுபதுகளில், எண்பதுகளின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் நிரம்பி வழிந்த அரங்கம் அது.

பேச்சு அதிகம் என்கிறீர்கள். பேசுகிறவர் யார் என்று பாருங்கள். மேஜையில் உட்கார்ந்திருக்கும் டேவ் பிரவுன் அதே சேனல் 5இன் வானிலை அறிவிப்பாளர். வாரம் முழுக்க ‘நாளை மழை வரும், புயல் வரும்’ என்று சொல்கிற மனிதர், சனிக்கிழமை வந்து ‘இவன் செய்தது அநியாயம்’ என்றால் ஊர் நம்பாமல் என்ன செய்யும்? அவருடைய பழைய ஜோடி லான்ஸ் ரசல் இன்னும் ஒரு படி மேல். கத்தவே மாட்டார். வில்லன் வந்து அவருடைய மூக்கைக் கிண்டல் செய்தால், பொறுமையாக மைக்கைப் பிடித்தபடி சலிப்போடு ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்காகவே அந்த வில்லன் திங்கட்கிழமை உதை வாங்க வேண்டும் என்று தோன்றும். பெரிய கம்பெனியில் வர்ணனையாளர்கள் தொண்டை கிழியக் கத்தியும் இந்தக் காரியம் நடக்கவில்லை.

இப்போது லாலர். 1949இல் மெம்பிஸில் பிறந்தவர். 1974இல் ஜாக்கி ஃபார்கோவைத் தோற்கடித்து அந்த ஊரின் ‘ராஜா’ ஆனார். 1982இல் நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மன் மெம்பிஸ் மக்களைக் கேவலமாகப் பேசிவிட்டு ரிங்குக்கு வந்தார். லாலர் அவரைத் தலைகீழாகத் தூக்கித் தலையைத் தரையில் இடிக்கும் ‘பைல்டிரைவர்’ பிடியைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது அமெரிக்கா முழுக்கப் பேச்சானது. அதையும் கவனியுங்கள்: மெம்பிஸில் பைல்டிரைவர் தடை செய்யப்பட்ட பிடி. மற்ற ஊர்களில் நூறோடு நூற்றொன்றாகப் போட்டுவிட்டுப் போவார்கள். இங்கே அதைப் போட்டால் தோல்வி, வாங்கியவனுக்கு ஸ்ட்ரெச்சர். அதனால் லாலர் ஒருத்தனைத் தலைகீழாகத் தூக்கினாலே அரங்கம் எழுந்து நின்றுவிடும். ஒரு பிடிக்கு இப்படி மதிப்பு ஏற்றி வைப்பதற்கு எத்தனை வருடப் பொறுமை வேண்டும் பாருங்கள்.

அவருடைய மேட்சையும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அவரிடம் இருப்பது பெரும்பாலும் குத்துதான். ஆனால் அந்தக் குத்தில் பொய்யே தெரியாது. வில்லன் அடித்துக்கொண்டே இருப்பான், லாலர் தள்ளாடுவார். ஒரு கட்டத்தில் அடி விழுந்தும் அசைய மாட்டார். இன்னொரு அடி, அப்போதும் அசைவில்லை. உடனே கை தோள்பட்டைக்குப் போகும். ஒற்றைத் தோளில் மாட்டியிருக்கும் அந்தப் பட்டையை இழுத்துக் கீழே விடுவார். அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டு போகும். நம் சினிமாவில் ஹீரோ சட்டைக் கையை மடித்துவிட்டால் தியேட்டரில் என்ன நடக்கும்? அதேதான். இதற்கு எத்தனை நட்சத்திரம் போடுவீர்கள்?

வின்ஸ் விஷயம்தான் 1993ஐத் தேடிப் பார்ப்பதற்கு முக்கியமான காரணம். 1992 வாக்கில் டபிள்யூடபிள்யூஎஃப்புக்கும் யுஎஸ்டபிள்யூஏவுக்கும் ஓர் ஏற்பாடு வந்தது. லாலர் அங்கே போய் வில்லனாகப் பேசுவார், அங்கிருந்து ஆட்கள் மெம்பிஸுக்கு வருவார்கள். 1993 கோடையில் உலகம் முழுக்க டபிள்யூடபிள்யூஎஃப் வீரர் பிரெட் ஹார்ட் ஹீரோ, லாலர் அவரை முதுகில் குத்தியவர். மெம்பிஸில் மட்டும் அப்படியே தலைகீழ். பிரெட் ஹார்ட் வந்தால் கூச்சல். பாப்பா ஷாங்கோ, ஓவன் ஹார்ட், டடாங்கா, ராண்டி சாவேஜ் என்று அந்த ஒரே வருடத்தில் வெளியாட்கள் வந்து ஊர் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இவர்களை எல்லாம் ஏவி விடுகிற பணக்கார முதலாளி வின்ஸ். அந்த நேரத்தில் அமெரிக்கா முழுக்க அவரை வெறும் சிரித்த முக வர்ணனையாளராகத்தான் தெரியும். மெம்பிஸ் டிவியில் அதே கோட்டு, அதே சிரிப்பு, ஆனால் வார்த்தைக்கு வார்த்தை இளக்காரம். நிறுத்தி நிறுத்தி, ருசித்துப் பேசுவார். 1997 நவம்பரில் மான்ட்ரியலில் பிரெட் ஹார்ட்டை ஏமாற்றிய பிறகு உலகமே வெறுத்த அந்த முதலாளி, நான்கு வருடம் முன்பே ஒரே ஒரு ஊருக்கு மட்டும் அறிமுகம் ஆகிவிட்டார். நான் எழுதினால் ரிவ்யூவில் பாதியை இதற்கே கொடுப்பேன்.

ஸ்மோக்கிரசிகன்:

அண்ணே, லாலர் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ‘மேட்ச் முக்கியமில்லை’ என்று சொல்லி யுஎஸ்டபிள்யூஏவைத் தப்பிக்க வைப்பது நியாயமா? அதே டென்னசியின் கிழக்குப் பக்கம் நாக்ஸ்வில்லில் ஜிம் கார்னெட் 1991இல் ஸ்மோக்கி மவுன்டன் ரெஸ்லிங் தொடங்கினார். அவர்களும் டிக்கெட் விற்கத்தான் டிவி நடத்தினார்கள். பள்ளிக்கூட ஜிம், திருவிழா மைதானம் என்று சின்னச் சின்ன ஊர்கள். ஆனால் ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ், ஹெவன்லி பாடீஸ் என்ற இரண்டு ஜோடிகள் மோதினால் மேட்சும் இருக்கும், டிக்கெட்டும் விற்கும். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

‘பீட் த சாம்ப்’ என்று ஒரு டிவி பெல்ட் வைத்திருந்தார்கள். வாரா வாரம் சாம்பியன் மோதியே ஆக வேண்டும். தொடர்ந்து ஐந்து முறை காப்பாற்றிவிட்டால் பரிசுப் பணத்தை வாங்கிக்கொண்டு பெல்ட்டை விட்டுவிட வேண்டும். நான்காவது வாரம் வந்ததும் சாதாரண டிவி மேட்சுக்கே ஒரு சூடு வந்துவிடும். மெம்பிஸில் இப்படி ஏதாவது இருந்ததா?

பேச்சு என்று பார்த்தாலும் எங்கள் ரான் ரைட்டுக்கு ஈடு கிடையாது. அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஊரே வெறுத்த வில்லன். வயதான பிறகு சக்கர நாற்காலியில் வந்து, ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும், இரக்கம் காட்டுங்கள் என்று கண் கலங்கக் கெஞ்சுவார். பழைய கதை தெரிந்த ஜனம் ஒருத்தர்கூட நம்ப மாட்டார்கள். அவர் கெஞ்சக் கெஞ்சக் கூச்சல் ஏறும். வட்டார ரெஸ்லிங்கின் சுவையே அதுதான். வெளியூர்க்காரனுக்கு அந்தக் காட்சி பாதிதான் புரியும்.

மூணாவதுகயிறு, உங்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: பின்னாளில் டபிள்யூடபிள்யூஎஃப்பில் புகழ்பெற்ற கேன், முகமூடி போடுவதற்கு முன்னால் 1995இல் அங்கேதான் யூனபாம் என்ற பெயரில் அல் ஸ்னோவோடு ஜோடி சேர்ந்தார். 2018இல் அதே நாக்ஸ் கவுன்டியின் மேயரும் ஆனார். 1994இல் கிறிஸ் ஜெரிக்கோ அங்கே உடைந்த கையோடு ஒரு பெரிய மேட்ச் ஆடியிருக்கிறார். அன்றைக்குப் பயிற்சியில் உடைந்த கை அது.

ராத்திரிஷிப்ட்:

ஒரு சின்னக் குறிப்பு மட்டும். மெம்பிஸ் நிகழ்ச்சியை நறுக்கிச் சுருக்கி, லூயிவில், எவன்ஸ்வில் மாதிரி ஊர்களுக்கு டேப்பில் அனுப்புவார்கள். அந்த ஊரில் எந்த நாள் மேட்சோ அதற்கான அறிவிப்பை நடுவில் ஒட்டிவிடுவார்கள். யூடியூபில் இந்த வெட்டின டேப்புகளும் கலந்து கிடக்கின்றன. திங்கட்கிழமை என்று வராமல் செவ்வாய், புதன் என்று வந்தால் நீங்கள் பார்ப்பது மெம்பிஸ் பதிப்பு இல்லை. டேப் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம், யுஎஸ்டபிள்யூஏ சம்பளத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஸ்டீவ் ஆஸ்டினுக்கு அந்தப் பெயர் கிடைத்ததே 1990இல் மெம்பிஸில்தான், டச் மான்டெல் என்ற மூத்த ரெஸ்லர் வைத்தது. அவருடைய சொந்தப் பெயர் ஸ்டீவ் வில்லியம்ஸ், அதே பெயரில் ஏற்கெனவே வேறு ஒரு ரெஸ்லர் புகழோடு இருந்தார். அந்த நாட்களில் கையில் காசில்லாமல் பச்சை உருளைக்கிழங்கைத் தின்று காலம் தள்ளியதாக ஆஸ்டினே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ‘பொற்காலம்’ என்று எழுதுகிறவர்கள் அதையும் ஒரு வரி சேர்க்கட்டும்.

மூணாவதுகயிறு:

நன்றி அண்ணே, நன்றி நண்பர்களே. இரண்டு வார நிகழ்ச்சிகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். திங்கட்கிழமை கார்டை, அதாவது மேட்ச் பட்டியலை, படிக்கும் பகுதியை முதலில் தள்ளிவிட்டிருந்தேன், உண்மையில் மொத்தமும் அங்கேதான் முடிச்சுப் போடுகிறது. இப்போது 1993இல் தொடங்குவதா, கொஞ்சம் முன்னாலிருந்து வருவதா? அண்டர்டேக்கரும் இந்த ஊரில் இருந்தாராமே?

பழையகேசட்:

இருந்தார். 1989இல், ‘மாஸ்டர் ஆஃப் பெயின்’ என்ற பெயரில், முகமூடியோடு. சிறையிலிருந்து வந்த கொலைகாரன் என்று கதை கட்டினார்கள். லாலரை ஜெயித்து பெல்ட்கூட வாங்கினார். ஆனால் அண்டர்டேக்கர் என்று நினைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், உயரத்தைத் தவிர ஒன்றும் ஒட்டாது.

நீங்கள் 1992இல் தொடங்குங்கள். லாலரும் அவருடைய ஜோடி ஜெஃப் ஜாரெட்டும் ஒரு பக்கம், மூன்டாக்ஸ் என்ற முரட்டு ஜோடி இன்னொரு பக்கம். அந்த வருடத்தின் சிறந்த பகை என்று ‘ரெஸ்லிங் அப்சர்வர்’ என்ற ரெஸ்லிங் செய்தி இதழ் இதைத்தான் தேர்ந்தெடுத்தது. கிழிந்த ஜீன்ஸ், சடை முடி, கையில் பெரிய எலும்பு. ரிங்குக்குள் நிற்கவே மாட்டார்கள். நாற்காலி, மேஜை, கையில் கிடைத்த எல்லாம் பறக்கும். அதற்கு முன்னால் 1979இல் டுபெலோ நகரில் நடந்த தின்பண்டக் கடைச் சண்டையைப் பார்த்துவிடுங்கள். கடுகுச் சாஸ் ஜாடியெல்லாம் உடையும். அதில் லாலரிடம் அடி வாங்குகிற லாரி லேத்தம்தான் 1992இல் மூன்டாக் ஸ்பாட். பதிமூன்று வருடம் கழித்து அதே ஆள், அதே பாணி, அதே லாலர். மெம்பிஸில் எதையும் வீணாக்க மாட்டார்கள்.

ஸ்மோக்கி தம்பிக்கு: மேட்ச் தரத்தில் உங்கள் ஆட்கள் மேல், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஐந்து முறை பெல்ட் யோசனை அருமை. ஆனால் 1995 முடிவதற்குள் கார்னெட் கடையை மூட வேண்டியதாகிவிட்டது. யுஎஸ்டபிள்யூஏ 1997 வரை இழுத்தது. உருளைக்கிழங்கு போட்டே இழுத்தது என்று ராத்திரிஷிப்ட் சொல்வார், சொல்லட்டும். 1995இல் இரண்டு கம்பெனியும் மோதிக்கொண்ட டேப்புகள் இருக்கின்றன. கயிறு தம்பி அதற்கு ரிவ்யூ எழுதினால் நாம் இருவரும் கீழே வந்து அடித்துக்கொள்ளலாம்.