சேஞ்ச் ஓவர் சுவிட்ச்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வயரிங் படிக்கும் பையன்களுக்காகக் கோத்தகிரியில் ஒரு சிறு கையேடு எழுதி வருகிறேன். இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் அத்தியாயத்தில் ஒரு சொல்லுக்காக இரண்டு வாரமாக நின்றுகொண்டிருக்கிறேன். ஈ.பி. கரண்ட்டிலிருந்து ஜெனரேட்டருக்கு வீட்டை மாற்றிவிடும் அந்தப் பெட்டி. எங்கள் எலக்ட்ரீஷியன்கள் எல்லாரும் சேஞ்ச் ஓவர் என்றே சொல்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பெயரைக் கேட்டதும் அதன் வேலை மனதில் விழ வேண்டும் என்று விரும்புகிறேன். காரணம் இருக்கிறது.

போன பருவமழையில் எங்கள் தெருவில் கற்பூர மரம் ஒன்று லைன் மேல் சாய்ந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. ஒரு வீட்டில் பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கி வந்து, இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரால் சுவரிலிருந்த பவர் பிளக்கில் செருகிவிட்டார்கள். மெயினை அணைக்கவில்லை. ஜெனரேட்டர் கரண்ட் அதன் வழியாகத் தெரு லைனுக்கே திரும்பிப் போய்விட்டது. கம்பி அறுந்த இடத்துக்கு வந்த லைன்மேன் பழக்கப்படி முதலில் லைனை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராடைப் போட்டார். பொறி பறந்தது, ஜெனரேட்டர் திணறி நின்றது. அவர் நேராகக் கம்பியில் கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். இது டிரான்ஸ்ஃபார்மர் வரை போனால் இன்னும் மோசம். 11,000 வோல்ட்டை நமக்காக இறக்கித் தரும் அதே டிரான்ஸ்ஃபார்மர், நம் பக்கமிருந்து 230 வோல்ட் ஏறினால் மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக்கி அனுப்பும். ஆஃப் செய்த லைன் என்று நம்பி ஒருவர் அங்கே ஏறியிருப்பார்.

ஆகவே இந்தப் பெட்டியின் உயிரான வேலை மாற்றுவது மட்டுமில்லை, இரண்டையும் ஒருபோதும் சேரவிடாமல் வைப்பது. ஒன்றை முழுக்க விட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடும். நடுவில் இரண்டிலும் சேராத நிலை ஒன்று உண்டு. சொல்லும் அதைக் காட்ட வேண்டும்.

இந்தச் சொல்லுக்காக இதுவரை குழுமத்தில் நண்பர்கள் சொன்னவற்றைப் பார்க்கிறேன். ‘மாற்று மின்விசை’ என்றால் சூரிய மின்சாரம், காற்றாலை என்று படிப்பவர் மனம் போகும். ஏசி கரண்ட்டை ‘மாறுமின்’ என்று படித்தவர் இன்னும் குழம்புவார். ‘மின்மூல மாற்றி’ பொருளில் சரிதான், ஆனால் மூலம் என்றதும் பையன்கள் வேறு நோயை நினைத்துச் சிரித்துவிடுவார்கள். வகுப்பில் சிரிப்பு வரும் சொல் நிலைக்காது.

‘மடைமாற்றி’ எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வாரம் அதையே எழுதினேன். அப்புறம் மேட்டுப்பாளையத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டும் உறவினரிடம் கேட்டேன். புது மடையைத் திறந்துவிட்டுத்தான் பழையதை அடைப்போம், இல்லையென்றால் வரப்பு உடைந்துவிடும் என்றார். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். பிடித்த சொல்லை விட்டுவிட்டேன்.

குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயிலுக்கு இன்ஜின் மாற்றுவதைப் பார்த்தபோது ‘தடமாற்றி’ தோன்றியது. வண்டி இந்தத் தடத்தில் போகும் அல்லது அந்தத் தடத்தில் போகும். ஒரே நேரத்தில் இரண்டிலும் போகாது. முன்னால் ‘மின்’ மட்டும் சேர்க்க வேண்டாம். ‘மின்தடமாற்றி’யைக் காதால் கேட்டால் மின்தடையை மாற்றுவது போல இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

*

கூடலூரிலிருந்து மறுமொழி:

ஐயா, வணக்கம். தடம் நன்றாக இருக்கிறது. ஆனால் ‘மாற்றி’ ஏற்கெனவே நிறைய இடத்தில் இருக்கிறதே. மின்மாற்றி என்றால் டிரான்ஸ்ஃபார்மர், நிலைமாற்றி என்றால் சுவிட்ச். மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் தேர்வு எழுதுகிறவன் பாடு திண்டாட்டம்தான்.

எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்து தேயிலைத் தோட்டத்தில் குடியேறியது. அங்கே பள்ளிப் பாடநூலில் சுவிட்சுக்கு ‘ஆளி’ என்றுதான் போடுவார்கள். சின்னச் சொல், மின்சாரத்தை ஆள்வது என்று பொருளும் நேராக இருக்கிறது. ‘தடமாற்று ஆளி’ என்று வைத்தால் என்ன? சேர்த்து ‘மாற்றாளி’ என்று மட்டும் சுருக்க வேண்டாம், மாற்று ஆள் என்று படித்துவிடுவார்கள்.

இன்னொன்று, கரண்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலைப் பற்றியும் எழுதுங்கள். கரண்ட் வரும் கம்பியான பேஸை மட்டும் மாற்றிவிட்டு நியூட்ரலை அப்படியே விட்டுவிடும் வேலையை நிறைய வீடுகளில் பார்க்கிறேன்.

*

கோத்தகிரியிலிருந்து:

அக்கா, மிக்க நன்றி. ஆளி இந்த மலையிலேயே இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. ‘தடமாற்று ஆளி’யையே எடுத்துக்கொள்கிறேன். கரண்ட் போனதும் ஜெனரேட்டரைக் கிளப்பித் தானாகவே மாற்றிக்கொள்ளும் வகை, தேயிலை ஃபேக்டரிகளில் ஏ.எம்.எஃப். பேனல் என்கிறார்களே, அதற்குள் இருப்பது ‘தானியங்கு தடமாற்று ஆளி’. இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேராமல் தடுக்கும் உள் அமைப்புக்கு ‘பிணைப்பூட்டு’ என்று எழுதியிருக்கிறேன்.

நியூட்ரல் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. சிங்கிள் பேஸ் வீட்டுக்குப் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் இரண்டு துருவ ஆளி, த்ரீ பேஸுக்கு நான்கு துருவ ஆளி என்றே கையேட்டில் போடுகிறேன். மீட்டரையும் மெயினையும் தாண்டி, அறைகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துவிடும் பெட்டியான வீட்டு டி.பி.க்கு முன்னால் அது உட்கார வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே மாட்ட வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்தும் தள்ளி வைக்கச் சொல்லித் தனிப் பத்தி சேர்த்திருக்கிறேன். குளிருக்காக எல்லாவற்றையும் அடைத்துவிட்டு உள்ளே ஓட்டுகிறார்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது.

முதல் முறை வரும் இடத்தில் சேஞ்ச் ஓவர் என்ற பெயரையும் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். கடையில் அதைச் சொல்லித்தானே வாங்க வேண்டும். பெட்டி மேல் ஒட்டும் தாள் இப்படி இருக்கும்: மேலே ‘தடமாற்று ஆளி’, கைப்பிடியைச் சுற்றி ‘ஈ.பி.’, ‘நிறுத்தம்’, ‘ஜெனரேட்டர்’, அடியில் ‘கம்பத்தில் ஆள் இருக்கலாம்’. அச்சுக்கு வெள்ளிக்கிழமை கொடுக்கிறேன். திருத்தம் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.