கார்பமாசெபினுக்கு முன்னால் மரபணுச் சோதனை நமக்கும் வேண்டுமா?

செம்பனைவாசி, சுங்கை சிப்புட், மலேசியா:
தம்பிக்கு வலிப்பு. கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்து தொடங்குமுன் ரத்தத்தில் மரபணு பார்க்கணும் என்கிறார் டாக்டர். அது சீனர், மலாய்க்காரருக்குத்தானே?

மருந்தாளர்:
அவசியம் பாருங்க. தேடுவது எச்.எல்.ஏ-பி*15:02 என்ற மரபணு வகையை. இதற்கும் இந்த மருந்துக்கும் உள்ள தொடர்பு 2004இல் தைவானில் தெரியவந்தது. சீனர், மலாய்க்காரரிடம் அதிகம். நம் இந்தியரிடம் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. இருந்தால் இந்த மருந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற நோய் வரலாம்: தோல் தீப்பட்டதுபோல் உரியும், உயிருக்கே ஆபத்து. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். முடிவு வரும்வரை லெவெட்டிராசெட்டம் என்ற வேறு வலிப்பு மருந்து தரமுடியுமா என்று டாக்டரிடம் கேளுங்க.

தாதி:
'இல்லை' என்று வந்தாலும் முதல் 2, 3 மாதம் உஷார். காய்ச்சல், கண் எரிச்சல், வாய்ப்புண், பிறகு நெஞ்சில் சிவந்த தடிப்பு. அன்றைக்கே மருந்து அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போங்க. தோட்டத்தில் பூச்சிமருந்து பட்ட அரிப்பு என்று களிம்பு தடவி நாள் கடத்திடாதீங்க.

செம்பனைவாசி:
ஃபெனிட்டாயின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைக் கொடுத்தால்?

மருந்தாளர்:
அந்த 15:02 வகை இருந்தால் அதையும் தவிர்ப்பதே நல்லது. ஃபெனிட்டாயினுக்கு இன்னொரு மரபணுவும் முக்கியம்: சி.ஒய்.பி.2சி9. அதில் *3 வகை இருந்தால் மருந்து உடம்பைவிட்டு மெதுவாகத்தான் போகும். வழக்கமான 300 மி.கி.யிலேயே தள்ளாட்டம், கண்மணி தானாக ஆடுவது வரலாம். ரத்தத்தில் மருந்தின் அளவு மில்லிலிட்டருக்கு 10–20 மைக்ரோகிராமுக்குள் இருக்கணும்.